ஜி.ஆர்.இ. சொற்களுக்காக மூன்று முறை கட்டிய அட்டைத் தொகுப்பு

முதுகலைப் படிப்பில் சேர்வதற்கான ஜி.ஆர்.இ. தேர்வில் மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதிக்காக ஆங்கிலச் சொற்களைப் படிக்க நான் அமைத்த முறை, இரண்டு தடவை பிரித்துக் கட்டிய பிறகு மூன்றாவது வடிவத்தில்தான் ஒழுங்காக வேலை செய்தது. முதல் இரண்டு வடிவங்களிலும் சொற்கள் மனத்தில் ஏறவில்லை என்று சொல்ல முடியாது, ஏறின. ஆனால் திரையில் கேள்வி வந்து நின்றபோது அவை கைகொடுக்கவில்லை. எந்த இடத்தில் எதை மாற்றினேன், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, மறுபடி தொடங்கினால் எதை விட்டுவிடுவேன் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் தேர்வின் அமைப்புதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பிறகு வெர்பல் பகுதியில் இரண்டு பிரிவுகள் உள்ளன: முதலாவதில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 23 நிமிடம். ஆக, 27 கேள்விகளுக்கு 41 நிமிடம். கேள்விகளில் ஏறத்தாழப் பாதி பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மறுபாதி வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்புவது. நிரப்பும் கேள்விகளில் ஒரு வகை டெக்ஸ்ட் கம்ப்ளீஷன். அதில் ஒன்று முதல் மூன்று வரை கோடிட்ட இடங்கள் இருக்கும். ஓரிடம் மட்டுமே என்றால் ஐந்து தெரிவுகள். இரண்டோ மூன்றோ என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று தெரிவுகள். மற்ற வகை சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ். அதில் ஓரிடமும் ஆறு தெரிவுகளும் தந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைக் கொடுக்கும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இரண்டு வகையிலும் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் என்பது கிடையாது. 2011 ஆகஸ்டுக்கு முன்பு எதிர்ச்சொல், ஒப்புமை ஆகிய கேள்விகள் இருந்தன; அவை சொல்லைத் தனியாக நிறுத்திப் பொருள் கேட்டன. இன்று அப்படித் தனிச்சொல்லைக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆயினும் சொற்பட்டியல்களில் பெரும்பகுதி இன்னும் அந்தப் பழைய தேர்வுக்கான வடிவத்திலேயே கிடைக்கிறது.

முதல் வடிவம்: அகரவரிசைப் பட்டியல்

நான் தொடங்கியதும் அத்தகைய பட்டியலில்தான். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் சுருக்கமான பொருள், ஆங்கில அகரவரிசை. பக்கத்தை அச்செடுத்து, வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்து, ஒவ்வொரு வரியாகப் பொருளைச் சொல்லிப் பார்த்துத் தாளைக் கீழே இறக்குவேன். தொடக்கத்தில் வேகம் நன்றாகவே இருந்தது. ‘அபேட்’, ‘அபெரன்ட்’, ‘அபேயன்ஸ்’, ‘அப்ஸ்காண்ட்’, ‘அப்ஸ்டீமியஸ்’ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக முடிந்தது.

அதே சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டுப் பார்த்தபோது நிலைமை தெரிந்தது. பக்கத்தில் மேலிருந்து மூன்றாவது வரி, அதற்கு முந்தைய சொல் இது என்ற இட நினைவு பொருளின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டால் பொருளும் கூடவே போய்விட்டது. மேலும் அகரவரிசை என்பது ஒரே மாதிரி ஒலிக்கும், ஒரே மாதிரி தோன்றும் சொற்களை அடுத்தடுத்து அடுக்கி வைக்கும் வரிசை. ஒன்றோடொன்று குழம்புவதற்கு மிக ஏற்ற சூழலைப் பட்டியலே உருவாக்கித் தருகிறது. இந்த வடிவத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை; அச்செடுத்த பக்கங்கள் பின்னால் சரிபார்ப்புப் பட்டியலாக மட்டும் பயன்பட்டன.

இரண்டாம் வடிவம்: ஆயத்தத் தொகுப்பு

அடுத்து அங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலிக்கு மாறினேன். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது இலவசம். ஐபோனுக்கு மட்டும் பணம் கட்டி வாங்க வேண்டும். மறக்கும் தறுவாயில் அட்டையை மறுபடி காட்டுவதே அதன் வேலை. மறதியின் வேகத்தை 1885இல் உளவியலாளர் எபிங்ஹாஸ் அளந்து எழுதியதும், மறந்த அட்டையை அடிக்கடியும் நினைவில் நின்றதை அரிதாகவும் பார்க்கும் அட்டைப்பெட்டி முறையை 1972இல் லைட்னர் என்பவர் முன்வைத்ததும் இதே வழியின் முந்தைய படிகள். பிறர் செய்து பகிர்ந்த ஆயிரம் சொல் தொகுப்பு ஒன்றைத் தரவிறக்கினேன். அட்டையின் முன்பக்கம் ஒரு சொல். பின்பக்கம் ஐந்தாறு ஒருபொருட்சொற்கள். தயாரிப்பு நேரம் சுழி.

செயலியில் ஒரு நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்று முன்னரே வைத்திருப்பார்கள். நான் அதை 50ஆக உயர்த்தினேன். புதிய அட்டை ஒவ்வொன்றும் அடுத்த சில வாரங்களில் பலமுறை திரும்பி வரும் என்பதால், அன்றாட மீள்பார்வை விரைவிலேயே நானூறு அட்டைகளை எட்டியது. ஓர் அட்டைக்கு 8 விநாடி என்று வைத்தாலும் 400 அட்டைக்கு 53 நிமிடம் ஆகிறது. அதற்குப் பிறகே புதிய சொற்களைத் தொட முடியும். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பு. இந்த நெருக்கடியில் மறந்துபோன அட்டைக்கு ‘அகெய்ன்’ (மறந்துவிட்டது, மறுபடி காட்டு) என்ற பொத்தானை அழுத்தாமல் ‘ஹார்ட்’ பொத்தானை அழுத்தும் பழக்கம் வந்தது. செயலியைப் பொறுத்தவரை ‘ஹார்ட்’ என்பது சிரமப்பட்டாவது நினைவு வந்தது என்ற செய்தி. ஆகவே அது இடைவெளியைக் குறைப்பதற்குப் பதிலாக நீட்டிக்கொண்டே போனது, மறந்த சொற்கள் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்பட்டன. இந்த ஒரு பொத்தானைச் சரியாக அழுத்தாவிட்டால் மற்ற எந்த அமைப்பையும் திருத்திப் பயனில்லை.

அடுத்து, எட்டு முறை தவறிய அட்டையைச் செயலி ‘லீச்’ என்று அடையாளமிடும். அட்டைப்பூச்சிபோல நேரத்தை உறிஞ்சும் அட்டை என்பது கருத்து. அந்த அடையாளம் பெற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தபோது அவை தனித்தனியாக வராமல் இணை இணையாக வந்தன: ‘இன்ஜென்யுவஸ்’ என்றால் அருகே ‘இன்ஜீனியஸ்’, ‘டாசிடர்ன்’ என்றால் அருகே ‘லகானிக்’. கடினமான சொல் என்று நான் நினைத்திருந்தவை பலவும் உண்மையில் தம் இணையோடு குழம்பும் சொற்களே.

எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததால், தேர்வை நடத்தும் இ.டி.எஸ். இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதினேன். விடை தவறிய ஒவ்வொரு நிரப்புக் கேள்விக்கும் ஒரு தாளில் காரணம் குறித்தேன். நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போட்டுக்கொண்டேன்: ஒன்று, சொல்லே தெரியவில்லை; இரண்டு, சொல் தெரியும், ஆனால் கேட்ட பொருள் வேறு; மூன்று, வாக்கியம் போகும் திசையைத் தவறாகப் பிடித்தது; நான்கு, சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் ஒரு சொல் சரி, இணை தவறு. முதல் பத்தி நிரம்பி வழியும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது மிகக் குறைவாகவே நிரம்பியது. மற்ற மூன்றும்தான் நிறைந்தன.

இரண்டாம் பத்தியில் விழுந்தவை அரிய சொற்களே அல்ல. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்றே மனம் எடுத்துக்கொண்டது; தேர்வில் அது ஒரு கூற்றை வரம்பிட்டுச் சொல்வதைக் குறிக்கிறது. ‘செக்’ என்பது சரிபார்ப்பது மட்டுமன்று, தடுத்து நிறுத்துவதும்தான். ‘டெம்பர்’ கோபம் என்ற பொருளில் வராமல் தணிப்பது என்ற பொருளில் வருகிறது. ‘ஃபிளாக்’ கொடி என்ற பொருளில் வராமல் சோர்வது என்ற பொருளில் வருகிறது. ‘ஹஸ்பண்ட்’ சிக்கனமாகச் செலவிடுவதற்கும், ‘பெடஸ்ட்ரியன்’ சுவையற்ற எழுத்துக்கும் வருகின்றன. ‘சாங்ஷன்’ அனுமதிப்பதையும் தண்டிப்பதையும் ஒருசேரக் குறிக்கும் என்பதால் வாக்கியத்தைப் பார்க்காமல் அதற்குப் பொருள் சொல்லவே முடியாது. ஆயிரம் சொல் தொகுப்பில் இவற்றில் பல இல்லவே இல்லை; எளிய சொற்கள் என்று தொகுத்தவர்கள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அந்தத் தாள்தான் திருப்பம். அட்டை என்னிடம் கேட்டது, சொல்லைக் காட்டிப் பொருளை. தேர்வு கேட்பதோ வாக்கியத்தைக் காட்டிச் சொல்லை. ஒரு திசையில் மட்டும் பழகிய மனம் மறுதிசையில் தடுமாறுவது இயல்பே.

மூன்றாம் வடிவம்: கோடிட்ட வாக்கியம்

ஆயத்தத் தொகுப்பை அழிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, அங்கியின் ‘குளோஸ்’ அட்டை வகையில் நானே எழுதத் தொடங்கினேன். முன்பக்கம் ஒரு சொல் விடுபட்ட ஆங்கில வாக்கியம். பின்பக்கம் அந்தச் சொல், அதன் பொருள் ஒரே வரியில் தமிழில், அதன் கீழே அந்த இடத்துக்குப் பொருந்துவதுபோல் தோன்றியும் பொருந்தாத ஒரு சொல்லும் ஏன் பொருந்தாது என்பதற்கான ஒரு வரியும்.

ஓர் அட்டையைத் திறந்து காட்டுகிறேன். அதன் வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மதிப்புரையாளர் நூலைப் பாராட்டியதாக விளம்பரம் சொன்னாலும், அவருடைய பாராட்டு உண்மையில் _____ ஆனது, மூன்று அத்தியாயங்களை ஏற்க முடியாது என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.’ விடை ‘குவாலிஃபைட்’. பின்பக்கத்தில் பொருள்: வரம்புக்கு உட்பட்ட. அதற்குக் கீழே போட்டிச் சொல்லாக ‘இன்சின்சியர்’. அது பொருந்தாததற்குக் காரணம், மதிப்புரையாளர் உள்ளத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசியதற்கு வாக்கியத்தில் சான்று இல்லை, பாராட்டோடு மறுப்பையும் சேர்த்துச் சொன்னதற்கே சான்று இருக்கிறது. கடைசி வரிதான் அட்டையின் உயிர். அதை எழுதும்போது ஆகும் யோசனையே பாதிப் படிப்பு என்பேன்.

வாக்கியம் எழுதுவதில் ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது: இடத்தை நிரப்பத் தேவையான துப்பு வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தொடக்கத்தில் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களை அப்படியே ஒட்டினேன். ‘அவர் ஒரு _____ மனிதர்’ என்ற அளவில் இருந்த அவற்றில் எந்தப் பண்புச்சொல்லை வேண்டுமானாலும் போடலாம்; ஆகவே வாக்கியத்தின் நீளத்தையும் அமைப்பையும் பார்த்து விடையை அடையாளம் காணும் குறுக்குவழி மனத்தில் பதிந்தது, பட்டியலில் வரியின் இடத்தை வைத்துச் சொன்னதுபோலவே. அவற்றை நீக்கிவிட்டு, அறிவியல், வரலாறு, கலை விமர்சனம் பற்றிய நீண்ட இதழ்க் கட்டுரைகளிலிருந்து வாக்கியம் எடுத்தேன். தேர்வின் பத்திகளும் ஏறத்தாழ இந்த நடையில் வருவதால் இது இரட்டைப் பயன். ‘ஆல்தோ’, ‘இன்டீட்’, ‘ஃபார் ஃப்ரம்’, ‘இஃப் எனிதிங்’ போன்ற திசைகாட்டும் சொல் ஒன்றாவது இருக்கும் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்கூடத் திசைகாட்டிகளே. அவற்றுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முன் சொன்னதன் விளக்கமாக இருக்கும்.

செலவு என்று பார்த்தால் பணம் எதுவும் ஆகவில்லை, நேரம் மிகுதியாக ஆனது. நல்ல வாக்கியம் தேடி, அகராதியில் பொருளைச் சரிபார்த்து, போட்டிச் சொல்லையும் எழுதி முடிக்க ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அட்டை. அதற்கு மேல் போனால் தரம் குறைகிறது. எனவே புதிய அட்டை எண்ணிக்கையை நாளுக்கு 10ஆகக் குறைத்தேன். மீள்பார்வையில் ஓர் அட்டைக்கு ஆகும் நேரம் 8 விநாடியிலிருந்து 15 விநாடி அளவுக்கு உயர்ந்தது, வாக்கியத்தை முழுமையாகப் படிக்க வேண்டியிருப்பதால். ஆனால் அட்டைகள் குறைவு என்பதால் அன்றாட நேரம் அரை மணிக்குள் அடங்கியது.

அமைப்புகளில் இன்னும் ஒன்று. 2023இல் வந்த 23.10 பதிப்பு முதல் அங்கியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய இடைவெளிக் கணக்கு உள்ளது. எவ்வளவு விழுக்காடு நினைவில் நிற்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். இயல்பாக 90 விழுக்காடு இருக்கும். ஆசையில் 97க்கு உயர்த்திப் பார்த்தேன். கடைசிச் சில விழுக்காட்டுக்காக மீள்பார்வை பன்மடங்கு பெருகியது. மறுபடி 90க்கே இறக்கினேன்.

இணைச் சொற்களைப் பிரித்து வைத்தல்

நான்காம் பத்தி, அதாவது இணை தவறும் சிக்கல், இதனால் மட்டும் தீரவில்லை. சென்டன்ஸ் ஈக்விவலன்ஸுக்குச் சொற்குடும்பம் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்துத் ‘தணித்தல்’ என்ற தலைப்பின் கீழ் ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’, ‘அஸ்வேஜ்’, ‘பேலியேட்’, ‘மாலிஃபை’ ஐந்தையும் ஒரே நாளில் சேர்த்தேன். ஐந்தும் கலந்து ஒரே குழம்பாகிவிட்டன. எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் ஐந்தில் ஏதோ ஒன்று என்ற அளவுக்கே நினைவு வந்தது. ஒரே பொருட்குழுவைச் சேர்ந்த புதிய சொற்களை ஒன்றாகக் கற்பது கடினம் என்று 1993இல் டிங்கம், 1997இல் வாரிங் என்ற மொழிக்கற்றல் ஆய்வாளர்கள் ஆய்வு செய்து எழுதியிருப்பதைப் பின்னர் படித்தேன். என் மேசையில் நடந்தது அதுவேதான்.

இதற்குக் கண்ட வழி எளியது. இடைவெளி 21 நாளை எட்டிய அட்டையை அங்கி ‘மெச்சூர்’ என்று கணக்கிடும். குடும்பத்தில் முதல் சொல் அந்த நிலையை அடையும்வரை இரண்டாவதைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இதற்காக ஒரு விரிதாளில் குடும்பப் பெயர், சொல், சேர்த்த நாள், போட்டிச் சொல், வாக்கியம் எடுத்த இடம் என்று ஐந்து பத்திகள். இரண்டாம் சொல்லின் அட்டையை முதல் சொல்லிலிருந்து வேறுபடும் புள்ளியில் எழுத வேண்டும். ‘மிட்டிகேட்’ கேட்டின் கடுமையைக் குறைப்பது. ‘பேலியேட்’ நோயைக் குணப்படுத்தாமல் வலியை மட்டும் தணிப்பது. ‘மாலிஃபை’ பெரும்பாலும் ஆளையோ சினத்தையோ தணிப்பது. ஆகவே ‘பேலியேட்’ அட்டையின் வாக்கியத்தில் நோய் அப்படியே இருக்கிறது என்ற துப்பு கட்டாயம் வரும். ‘டாசிடர்ன்’, ‘ரெட்டிசென்ட்’, ‘டெர்ஸ்’ மூன்றும் இப்படியே தெளிந்தன: முதலாவது அதிகம் பேசாத இயல்பு, இரண்டாவது மனத்தில் உள்ளதை வெளியிடத் தயங்குவது, மூன்றாவது சொன்னதைச் சுருக்கமாகச் சொல்வது. ஒலியால் குழம்பும் இணைகளுக்கும் இதே இடைவெளி.

வேர்ச்சொற்களையும் இடையில் முயன்றேன். மந்தையைக் குறிக்கும் லத்தீன் வேரை அறிந்தால் கூட்டத்தோடு சேர்வதை விரும்பும் ‘கிரிகேரியஸ்’, மந்தையிலிருந்து தனித்துத் தெரியும் ‘எக்ரீஜியஸ்’ இரண்டும் அழகாக நினைவில் நிற்கின்றன. ஆனால் தெரியாத சொல்லின் பொருளை வேரைக் கொண்டு ஊகிப்பது ஆபத்து: ‘எனர்வேட்’ ஊக்கம் தருவதுபோல் ஒலித்துச் சோர்வடையச் செய்வதைக் குறிக்கிறது, ‘ரெஸ்டிவ்’ ஓய்வைக் குறிக்காமல் அடங்காத நிலையைக் குறிக்கிறது, ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, அது துர்நாற்றம் முதலிய அருவருப்பைச் சொல்வது. கற்ற சொல்லை நிலைநிறுத்த வேர் உதவும் என்ற அளவில் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரியாக வைத்துக்கொண்டேன்.

கடிகாரத்தோடு சோதனை

அட்டைகள் நிலைபெற்ற பிறகு, நேரம் வைத்து நிரப்புக் கேள்விகளை மட்டும் செய்தேன். 41 நிமிடத்தை 27ஆல் வகுத்தால் கேள்விக்கு 91 விநாடி. நீண்ட பத்திகளுக்கு நேரம் சேமிக்க வேண்டுமென்றால் நிரப்புக் கேள்வியை ஒரு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். தெரிவுகளைக் கையால் மறைத்து, வாக்கியத்தை மட்டும் படித்து, இடத்தில் என்ன சொல் வரும் என்று முதலில் சொல்லிக்கொள்வேன். அந்தச் சொல் தமிழில் வந்தால் தமிழிலேயே விட்டுவிடுவேன். ‘தயக்கம்’ என்று மனம் சொன்ன பிறகு தெரிவுகளைத் திறந்தால் ‘ரெட்டிசென்ஸ்’ தானாகக் கண்ணில் படும். அட்டைகளின் பின்பக்கத்தில் தமிழ்ப் பொருள் ஒரே வரியில் இருந்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது. ஐந்தாறு ஒருபொருட்சொற்களை ஒப்பித்துப் பழகியிருந்தால் இந்த வேகம் வந்திருக்காது.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு மீள்பார்வை மட்டும் செய்தேன். தொடாமல் வைத்திருந்த இரண்டாவது பவர்பிரெப் தேர்வை அப்போது எழுதி, பழைய நான்கு பத்தித் தாளில் மறுபடி குறித்தேன். இரண்டாம், நான்காம் பத்திகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. சொல்லே தெரியாத கேள்விகள் ஓரளவு இருந்தன. அவற்றில் தவறான தெரிவுகளை நீக்கிவிட்டு ஊகித்தேன், தவறுக்கு மதிப்பெண் கழிப்பது இந்தத் தேர்வில் இல்லை என்பதால் விடுவதற்குக் காரணமே இல்லை.

மறுபடி செய்வதென்றால் மாதிரித் தேர்வையும் நான்கு பத்தித் தாளையும் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். அச்சுப் பட்டியலும் ஆயத்தத் தொகுப்பும் தின்ற நேரம் அப்படியே மிஞ்சும். ஆயிரம் சொல் என்ற இலக்கை அறுநூறாகக் குறைத்து, அதில் கால்பங்கை மறுபொருள் கொண்ட எளிய சொற்களுக்கு ஒதுக்குவேன். ஆண்ட்ராய்டு கைபேசியில் மீள்பார்வை மட்டும், அட்டை எழுதுவது கணினியில் மட்டும் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவேன். கைபேசியில் அவசரமாக எழுதிய அட்டைகளே பின்னால் அதிகம் திருத்தப்பட்டவை.

தீராத ஒன்று அந்தத் தாளின் மூன்றாம் பத்தி, அதாவது வாக்கியத்தின் திசையைத் தவறாகப் பிடிக்கும் சிக்கல். மூன்று கோடிட்ட இடங்கள் கொண்ட கேள்வியில் ஓரிடத்தின் விடை மற்றோரிடத்தைச் சார்ந்து நிற்கிறது. ஒரு சொல் மறைத்த என் அட்டைகள் அதற்குப் பழக்கவில்லை. ஒரே பத்தியில் மூன்று சொற்களை மறைத்து, மூன்றையும் ஒருசேரத் திறக்கும்படி சில அட்டைகளை இப்போது எழுதிப் பார்க்கிறேன். குளோஸ் வகையில் மூன்று மறைப்புக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அது ஒரே அட்டையாக அமைகிறது. அட்டை ஒன்றுக்குப் பதினைந்து நிமிடமாவது ஆகிறது என்பதால் இதுவரை கொஞ்சமே எழுத முடிந்திருக்கிறது.